துரியோதனன் எழுந்திருக்கலாமா?

நாவலில் ஒரு அத்தியாயம். திரௌபதி அம்மன் திருவிழாவில் போர்க்களமாகும் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் துரியோதனன் ராத்திரியில் எழுந்து ஊருக்குள் நடந்து வருகிறான். இதுவரை எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். பதிப்பாசிரியரும் அதையே சொன்னார். அதைக் கூத்து வாத்தியாரிடம் வாசித்துக் காட்டாமல் இருந்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. காட்டாமலே அச்சுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் உறுத்தியிருக்கும் என்று சில நாள் தோன்றுகிறது.

காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. வேஷ விவரங்களைச் சரிபார்க்கத்தான் போனேன். ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தோள் அணியான புஜக்கட்டையைக் கட்டிய கயிற்றின் தடம் தோளில் அப்படியே பதிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். காதோரத்துச் சிவப்பு மட்டும் போகவே இல்லை.

வாசித்து முடித்ததும் ஒரே கேள்வி. "அவன் எழுந்துட்டா, அம்மா எப்ப சார் தலைய முடியும்?"

வடார்க்காட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். பீமன் அந்த மண் துரியோதனனின் தொடையில் அடிக்க வேண்டும், அதில் வழியும் சிவப்பைத் தொட்டுத் திரௌபதி, அவர்கள் சொல்லும் அம்மா, கூந்தலை முடிய வேண்டும். ஊரே கண்விழித்து உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

"இது கதைதானே வாத்தியாரே" என்றேன்.

"நாங்க ஆடுறதும் கதைதான் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் துரியோதனன் கட்டிக்கினு வர்றது எத்தினியோ வருஷமா. வருஷா வருஷம் சாவுறேன். எழுந்துக்கணும்னு ஒரு தபா கூட தோணினதில்ல" என்றார். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கிளம்பும்போது, "புக்கு வந்தா ஒண்ணு குடுங்க" என்றார்.

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் விடியற்காலையில் எழுதுகிறவன் நான். வேலூர் வெயில் ஏறிவிட்டால் எழுத்து ஓடாது. உட்கார்ந்ததும் வில்லிபாரதத்தில் சில பாட்டுகளை வாய்விட்டுப் படிப்பது வழக்கம். வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தப் படிப்பு வாதாடுவதற்கு ஆதாரம் தேடுவதாக மாறிவிட்டது. ஆதாரத்துக்கும் குறைவில்லை. கூந்தலை முடிய மாட்டேன் என்ற சபதமே வியாசரில் கிடையாது, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. வில்லிபுத்தூரார் 10 பருவத்தோடு நிறுத்தியதை நல்லாப்பிள்ளை 18 பருவமாக விரித்தார். நம் திரௌபதி அம்மன் கோயில்களில் காவலுக்கு நிற்கும் போத்துராஜாவும் முத்தால ராவுத்தனும் எந்த வடமொழிப் பாரதத்தில் வருகிறார்கள்? பாஞ்சாலியின் காவலுக்கு ஒரு முஸ்லிம் வீரனை நிறுத்திய மண் இது. இத்தனை பேர் சேர்த்த கதையில் நானும் ஒன்றைச் சேர்த்தால் என்ன?

இப்படிக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக எழுதிய காலைகள் உண்டு. ஆனால் போத்துராஜாவும் ராவுத்தனும் அம்மனுக்குத் துணையாக வந்தவர்கள். நான் எழுப்பிய துரியோதனன் அவள் சபதத்துக்குக் குறுக்கே நிற்கிறான். வாத்தியார் ஒரே கேள்வியில் தொட்டது இதைத்தான்.

அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: மாயம் ஒன்று நடந்தால் யாராவது அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். என் அத்தியாயத்தில் அந்த விலையை யாரும் கொடுக்கவில்லை. வாத்தியார் கேட்டதும் அது கண்ணில் பட்டது. துரியோதனனைப் படுக்க வைக்காமல், பின்பாதி முழுவதையும் திருப்பி எழுதினேன். கூந்தல் முடியாமலே திரௌபதி வேஷக்காரி ஊர் ஊராக, வற்றிய பாலாற்று மணலில் நடக்கிறாள். நாவலுக்கு உயிர் வந்தது அங்கேதான். அவர் சொல்லைக் கேட்டதால் வந்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அவரோ, எழுப்பாதே என்றுதானே சொன்னார்? வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை என்பது உண்மை. சொல்லியிருந்தால் விட்டிருப்பேனா என்று கேட்டால், விட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது பதிப்பகத்தில் நன்றிப் பக்கத்தைக் கேட்கிறார்கள். வாத்தியார் பெயர் இல்லாமல் அந்தப் பக்கத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை. பெயரைப் போட்டால் அவர் சம்மதத்தோடுதான் துரியோதனன் எழுந்தான் என்று ஆகிவிடும். அடுத்த வருஷமும் அதே ஊரில் கூத்தாடத் தாம்பூலம் வாங்கி ஒப்புக்கொள்ள வேண்டியவர் அவர். போன் செய்து கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை நம்பரை எடுத்தேன். கேட்டால், "போட்டுக்கோங்க சார்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார். அதனாலேயே இன்னும் கேட்கவில்லை.