ஹாம்ப்டன் கே நாட்குறிப்பு

நவம்பர் 8

த்ரப்பிலிருந்து கால்வாயோரமாக நடந்து, ஷிப்டன் தேவாலயத்தைத் தாண்டி, செர்வெல் ஆற்றைக் கடந்து ஹாம்ப்டன் கே வந்தேன். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வடக்கே சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஆனாலும் இங்கே வரும் ஒரே தார்ச்சாலை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு சில வீடுகள், கூரையில்லாத மாளிகை, புல்வெளி நடுவே தனியாக நிற்கும் புனித ஜைல்ஸ் தேவாலயம். அவ்வளவுதான் ஊர்.

'கே' என்பது 12-ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்தை வைத்திருந்த குடும்பத்தின் பெயர். பக்கத்து ஊர் ஹாம்ப்டன் பாயிலும் அப்படித்தான், அதன் பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் பெயரைச் சுமக்கிறது.

நவம்பர் 9

தேவாலயத்துக்குப் போகும் வழியில் புல்வெளி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. நேற்று கவனிக்காமல் மிதித்துக்கொண்டு போய்விட்டேன். அவை வீடுகள் இருந்த தடங்கள்.

16-ஆம் நூற்றாண்டில் மன்னர் எட்டாம் ஹென்றி கிறித்தவ மடங்களை மூடிய பிறகு, ஆஸ்னி மடத்தின் வசமிருந்த இந்த ஊர் பாரி குடும்பத்தின் கைக்குப் போனது. அவர்கள் உழவு நிலத்துக்கு வேலி போட்டு ஆடு மேய்த்தார்கள். ஆட்டுக்கு ஒரு மேய்ப்பன் போதும். உழுதவர்களுக்கு வேலை போயிற்று. 1594 முதல் மழையில் விளைச்சலும் கெட்டு, தானிய விலை எகிறியது.

இந்தப் பக்கத்துத் தச்சர் பார்த்தலோமியூ ஸ்டியர். ஸ்பெயினில் ஏழைகள் பிரபுக்களை ஒழித்துவிட்டு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று நம்பியவர். வேலிகளை இடிப்பது, பாரி உள்ளிட்ட நிலக்கிழார்களைக் கொல்வது, ஆயுதங்களோடு லண்டன் போய் அங்குள்ள தொழில் பழகும் இளைஞர்களோடு சேர்வது என்பது அவர் திட்டம். கொலைத் திட்டத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பசியை இந்த மேடுகளில் நின்றால் புரிந்துகொள்ள முடிகிறது.

நவம்பர் 15

மழை. வெளியே போகவில்லை.

1874 டிசம்பர் 24 அன்று, இங்கே பக்கத்தில் ரயில் பெட்டி ஒன்றின் சக்கரப் பட்டை உடைந்து, பெட்டிகள் ரயில் பாதையின் மேட்டுக்கரையிலிருந்து உருண்டன. 34 பேர் இறந்தார்கள். மாளிகைக்காரர்கள் உதவ மறுத்ததால் சாபம் விழுந்தது, அதனால்தான் 1887-இல் மாளிகை எரிந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்பவர்களுக்கு அந்தக் கதை பிடித்துவிடுகிறது. தச்சரின் கதையும் அந்த அளவுக்குப் பரவ வேண்டும் என்பது என் ஆசை.

நவம்பர் 21

1596-இல் இதே தேதி இரவு, பக்கத்திலுள்ள என்ஸ்லோ குன்றில் கூட வேண்டும் என்று ஏற்பாடு. ஸ்டியரோடு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அதற்கே கைது, சித்திரவதை. இருவரை அதே குன்றில் தூக்கிலிட்டார்கள். ஸ்டியர் சிறையிலேயே இறந்திருக்கலாம். அடுத்த ஆண்டு கூடிய நாடாளுமன்றம், மேய்ச்சலாக்கிய நிலத்தைத் திரும்ப உழவுக்குக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது.

சாயங்காலம் மறுபடி போனேன். அந்த மேடுகளின் மேல் ஆடுகள் படுத்திருந்தன.