வியர்க்காத வெயிலில் 150 கிலோமீற்றர்

வெயில் எங்களுக்குப் பழக்கம்தானே என்ற நினைப்புத்தான் ஃபுவேர்த்தவெந்தூராத் தீவை நடந்து கடக்கக் கொழும்பில் இருந்து போகிறவரை முதலில் கவிழ்க்கும். வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். உடம்புத் தண்ணீர் குறைகிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஃபுவேர்த்தவெந்தூராவில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. ஆபிரிக்கக் கரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் மேற்கே, அத்திலாந்திக்கில் கிடக்கிற எரிமலைத் தீவு அது. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் ஒன்று. அங்கே வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிடக் கொழும்பில் ஒக்டோபர் மாதம் மட்டும் கூடப் பெய்யும். ஓயாத காற்றில் வியர்வை தோலில் நிற்பதில்லை. சட்டை காய்ந்தே இருக்கும், மத்தியானம் தலை இடிக்கத் தொடங்கும். கழுத்துப்பட்டியில் வெள்ளையாக உப்புப் படிவதும், சிறுநீர் வெறும் தேநீர் நிறத்துக்குப் போவதும்தான் அடையாளங்கள். அதற்குள் ஒரு லீற்றருக்கு மேல் கடன் ஏறியிருக்கும். ஆகவே தாகத்தைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக் குடியுங்கள்: இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, நாலைந்து மிடறு.

தீவை நெடுக்காகக் கடக்கிற பாதைக்கு ஜி.ஆர். 131 என்று பெயர். வடக்கே லோபோஸ் என்ற குட்டித் தீவில் தொடங்கி, கொர்ராலேஹோ, லா ஒலிவா, தெஃபியா, பெத்தான்குரியா, பாஹரா, லா பரெத், மோரோ ஹாப்லே வழியாகத் தெற்கே ஹந்தியா முனையின் வெளிச்சவீட்டில் முடியும். மொத்தம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். வெள்ளை, சிவப்பு என்று இரண்டு கோடு வழியைக் காட்டும். அதே நிறங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. லோபோஸில் இறங்க முன்கூட்டியே இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் மனம் நோக வேண்டாம், கொர்ராலேஹோவில் தொடங்கினாலும் நடை நடைதான்.

இனித் தண்ணீர்க் கணக்கு. நவம்பர் முதல் மார்ச் வரையான குளிர்காலத்தில் மணிக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை போகும். ஆறு மணிநேர நடைக்கு நாலரை லீற்றர் சுமந்தால், அதில் கடைசி அரை லீற்றரை ஊர் கண்ணில் படும்வரை தொடாமல் வைக்கலாம். நாலரை லீற்றர் என்றால் நாலரைக் கிலோ. அதனால் மிச்சச் சாமான் எல்லாம் சேர்த்து 7 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வசதிதான், ஆனால் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. ஓர் ஓட்டை விழுந்தால் முழுவதும் போய்விடும். கடையில் வாங்கும் ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் மூன்று போதும். ஒன்று உடைந்தாலும் இரண்டு இருக்கும், அளவும் கண்ணுக்குத் தெரியும். பாதி வழி வருமுன் பாதித் தண்ணீர் தீர்ந்தால் அன்றைய திட்டத்தைக் கைவிட்டு, கிட்ட உள்ள தார் வீதிக்கு இறங்கிவிடுங்கள். இதில் பேரம் பேசாதீர்கள்.

வடிகட்டி இருக்கிறது, கிணற்றைக் கண்டால் நிரப்பலாம் என்ற யோசனை அங்கே எடுபடாது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. நடைக்காரர் கொண்டுபோகும் வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பை விட்டுவிடும். குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். லஹாரெஸ் போன்ற ஊர்களில் கடையிலேயே நிரப்பிவிடலாம். பாஹராவில் இருந்து லா பரெத் வரையான மொட்டை மலைகளில் கடையை நம்பி நடக்க முடியாது. அந்த நாளுக்கு ஒரு லீற்றர் கூடுதல்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து குமட்டலும் மயக்கமும் வரும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் தண்ணீர் குடித்தால் நிலைமை மோசமாகும். புறப்படுமுன் இங்கே பார்மஸியில் ஜீவனி என்ற உப்புக் கரைசல் பைக்கற்றுகள் வாங்கிக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒன்று. பைக்கற்றில் போட்ட அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ருசிக்காகக் குறைத்துக் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். முடிந்துபோனால் ஒரு லீற்றருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

திசையை மாற்றாதீர்கள். வர்த்தகக் காற்று வடகிழக்கில் இருந்து அடிப்பதால், வடக்கே தொடங்கினால் அது முதுகில் தள்ளும். தெற்கே தொடங்கினால் 150 கிலோமீற்றரும் முகத்தில் மண். இதற்கு விலை, தெற்கே போகையில் முகத்துக்கு நேரே அடிக்கும் வெயில். டிசம்பரில் அங்கே மத்தியானச் சூரியன் தென்வானில் 38 பாகை உயரத்தில்தான் நிற்கும். கொழும்பின் உச்சிச் சூரியனுக்குப் போதுமான தொப்பி அங்கே மூக்கையும் தாடையையும் காப்பாற்றாது. முன்விளிம்பு நீண்ட, தாடைக்குக் கீழே கட்டுகிற தொப்பி வேண்டும். கட்டாத தொப்பி முதல் நாளே பறந்துவிடும். கிழக்கே சஹாராவில் இருந்து தூசியோடு சுடுகாற்று வருவதும் உண்டு, அதைக் கலிமா என்பார்கள். வானம் மஞ்சளித்தால் அன்று நடக்காதீர்கள். இதற்காகவே திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நுண்ணிய எரிமலைப் பொடி வலைத்துணிச் சப்பாத்துக்குள் புகுந்து, காலுறைக்கும் தோலுக்கும் நடுவே அரத்தைப் போல ராவும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை கழற்றி உதறுங்கள். தோல் சூடாகிற இடத்தில் கொப்புளம் வருமுன்னே பிளாஸ்டர் ஒட்டுங்கள், வந்தபின் ஒட்டிப் பெரிய பயனில்லை. கருங்கூர் எரிமலைப் பாறையில் கணுக்கால் பிரளாமல் இருக்க ஊன்றுகோல் உதவும். விமானத்தில் அதைச் செக்-இன் பெட்டிக்குள் போடுங்கள்.

எரிவாயுக் குப்பி விமானத்தில் ஏறாது. அடுப்பே வேண்டாம். கொஃபியோ என்று வறுத்த தானிய மா அங்கே எல்லாக் கடையிலும் உண்டு. எங்கள் சத்துமா மாதிரித் தண்ணீரும் சீனியும் விட்டுக் குழைத்தால் சாப்பாடு முடிந்தது.

கூடாரமும் தூக்கிப் போக வேண்டியதில்லை. அனுமதி இல்லாமல் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. அடித்தாலும் பாறையில் முளை இறங்காது, மணலில் நிற்காது. ஓர் ஊரில் அறை எடுத்து, தியாதே என்ற தீவுப் பஸ் சேவையில் அன்றன்றைய தொடக்கத்துக்குப் போய் வருவதே மேல். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, முந்தின நாளே நேரம் பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

தனியாகப் போகிறவர் வீட்டில் ஒருவரிடம் வழியையும், செய்தி அனுப்பும் நேரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் தாண்டி எத்தனை மணிநேரம் பொறுத்து அங்குள்ள அவசர இலக்கமான 112 க்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் பேசி வையுங்கள். ஆனால் இலங்கையில் இருந்து அந்த இலக்கம் ஸ்பெயினுக்குப் போகாது. ஆகவே தங்குமிடத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, அவர்கள் மூலம் அழைக்கச் சொல்லி வைப்பதே உபயோகம். வரைபடத்தை முன்னமே போனில் இறக்குங்கள், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும்.

பயிற்சிக்கு வெள்ளவத்தையில் இருந்து கல்கிசை வரை கடற்கரை மணலில் நடக்கலாம். லா பரெத்துக்குத் தெற்கே வரும் மணற்பரப்புக்கு அது நல்ல தயார். ஏற்றத்துக்கு பிளட் படிக்கட்டு இருக்கிறது: பையில் ஐந்து லீற்றர் போத்தலை வைத்து ஏறி, மேலே பூச்சட்டிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள். முழங்கால் தேய்வது இறக்கத்தில்தான்.

கடைசி நாள், மோரோ ஹாப்லேயில் இருந்து வெளிச்சவீடு வரை 20 கிலோமீற்றர் அளவில். அங்கிருந்து திரும்ப 111 ஆம் இலக்க பஸ் உண்டு, ஆனால் நாளைக்குச் சில தடவைதான். கடைசி பஸ் நேரத்தில் இருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படுங்கள், மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் கணக்குப் போடாமல்.