சின்னம்மாவின் சீழில் கிருமி இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு இரண்டே நாளில் உடம்பெங்கும் தோல் சிவந்து, அதன்மேல் குண்டூசித் தலையளவுச் சீழ்க்கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாக எழும்பின. காய்ச்சலும் நடுக்கமும் கூடவே வந்தன. பார்க்க வந்தவர்கள் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை வைத்தார்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கச் சொன்னவர்களும் உண்டு. (வெந்த தோலுக்கு வெந்நீரா என்று சின்னம்மா அந்த நிலையிலும் கேட்டார்.)

ஆஸ்பத்திரியில் சீழைப் பரிசோதித்தபோது அதில் கிருமி எதுவும் வளரவில்லை. சீழ் என்றாலே கிருமி என்று நினைத்திருந்த எனக்கு அது விளங்கவில்லை. உடல் முழுவதும் பரவும் இந்தச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் மிக அரிதான நோய் என்றும், அந்தச் சீழ் நியூட்ரோபில் எனப்படும் வெள்ளையணுக்களின் குவியலே என்றும் தோல் வைத்தியர் சொன்னார்.

அந்த அணுக்களை அழைப்பது தோலேதான். ஆபத்து வந்தால் தோலின் கலங்கள் இன்டர்லூக்கின்-36 என்ற புரதத்தை வெளியிட, அதனால் எழும் இரசாயன அழைப்புக்கு நியூட்ரோபில்கள் ஓடி வருகின்றன. வந்தவை கக்கும் நொதிகளோ அதே புரதத்தை மேலும் வீரியமாக்குகின்றன. இந்தச் சுழலை அடக்கவென்றே, அந்தப் புரதம் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்ளும் இன்னொரு புரதம் நம் உடலில் உண்டு. இந்நோய்க்குக் குடும்பவழித் தொடர்பும் இருக்கலாம்: 1910இல் இதை விவரித்த தோல் வைத்தியர் ஃபொன் சும்புஷ், சகோதரன் சகோதரி என உடன்பிறந்த இருவரிடம் அதைக் கண்டிருந்தார். ஆனால் அடக்கும் புரதத்துக்குரிய மரபணுவில் உள்ள பிழை துனீசியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது 2011இல்தான். எல்லா நோயாளிகளிடமும் இப்பிழை இருப்பதில்லை. சின்னம்மாவுக்கு அந்தச் சோதனை செய்யப்படவும் இல்லை. பழைய சொரியாசிஸுக்காக எங்கோ வாங்கி விழுங்கிவந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை அவர் திடீரென நிறுத்தியிருந்தார். இந்நோயைக் கிளப்பிவிடும் காரணங்களில் அது நன்கு அறியப்பட்ட ஒன்று.

"எதிர்ப்புச் சக்தி போதாது" என்று உறவினர் நெல்லிச்சாறு கொண்டுவந்து குவித்ததுதான் எனக்கு எரிச்சலூட்டியது. போதாமல் போனது சக்தியல்ல, கடிவாளம். இன்டர்லூக்கின்-36 அமரும் இருக்கையையே மறிக்கும் ஸ்பெசோலிமாப் என்ற ஊசிமருந்துக்கு 2022 செப்ரெம்பரில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. சின்னம்மா குணமானது அசிட்ரெட்டின் மாத்திரையால். அதை எப்போது குறைப்பது என்பதை இப்போது அவர் கிளினிக்கில் கேட்டுத்தான் செய்கிறார். நெல்லிச்சாற்றுப் போத்தல்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.