பிளக் நுனியில் தெரிந்த படிப்பு

"அண்ணே, பிளக் நுனியைப் பாருங்க."

இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் அது. நுனியில் கன்னங்கரேலென்று கரி படிந்திருந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இல்லாவிட்டால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்றார் என் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் மெக்கானிக். வெளுத்திருந்தால் இன்ஜின் அதிகமாகச் சூடாகிறதாம். இளம்பழுப்புதான் சரியான நிறம்.

எங்கே படித்தார் என்று கேட்டேன். அரசுப் பள்ளி, பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவில் ஆட்டோமொபைல். பிளஸ் டூ முடித்து பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. அப்புறம் இந்த வேலை.

மார்க் குறைந்தவர்களுக்கான குரூப் என்று தொழிற்கல்விப் பிரிவை ஒதுக்குவது எனக்குக் கோபமூட்டுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார்கள் தயாராகும் மாநிலம் இது.

பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால், திட்டுவதற்கு முன் பக்கத்துப் பள்ளிகளில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.