தண்ணீர் ஓட்டை

"சார், அடியில தண்ணி போக ஒரு ஓட்டை வெச்சுரலாமுங்களா?" வெல்டர் அண்ணன் கேட்டது அவ்வளவுதான். வேண்டாம் என்றேன்.

ஏற்காட்டுப் பூங்காவில் நிற்கும், உள்ளே கூடான எஃகுச் சிற்பத்தின் வரைபடத்தில் முழு அடைப்பு என்றே இருந்தது. ஓட்டை வைத்தால் துருநீர் வடிந்து பீடத்துக் கல்லில் கறை விழும் என்றார் சிற்பி. அதுவும் நியாயம். காற்றே புகாமல் அடைத்த பெட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவும் நின்றுவிடும். அன்று சொன்னது இன்றும் சரிதான், அடைப்பு உண்மையிலேயே அடைப்பாக இருந்தால்.

சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். முழு நீளத்தோடு லாரி திரும்பாது. இரண்டு துண்டாக ஏற்றி, நடு ஜாயிண்டை மட்டும் பனிமூட்டத்தில் போட்டோம். 7018 வெல்டிங் ராடு ஈரத்தை இழுக்கும். 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காயவைத்து, சூடு ஆறாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பற்றவைக்க வேண்டும். ஓவன் கீழே பட்டறையில் இருந்தது. ஈர ராடில் போட்ட வெல்டில் ஊசித்துளை விழும், ஒன்று போதும். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அது தண்ணீராக அடியில் சேரும்.

கார்ட்டென் தகடுதானே என்ற தைரியம் வேறு. செம்பும் குரோமியமும் கலந்த அந்த எஃகில் துருவே கெட்டியான தோலாகிக் காக்கும். ஆனால் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்தால்தான் அந்தத் தோல் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் சாதா இரும்பு போலவே ஏடு ஏடாக உரியும்.

ஆறாவது மழைக்காலத்துக்குப் பிறகு அடி ஓரத்தில் கசிவு. 12 மி.மீ. டிரில் பிட் இறங்கியதும் கடுங்காப்பி நிறத்தில் அரை வாளி தண்ணீர் வந்தது. 6 மி.மீ. தகடு ஓரிரு இடத்தில் 5 காட்டியது.

உள்ளே லேசாகக் காற்றேற்றி, ஜாயிண்டில் சோப்புத்தண்ணீர் தடவியிருந்தால் அரை மணியில் குமிழி காட்டியிருக்கும். அது தோன்றவில்லை. அந்த ஜாயிண்டைப் போட்டவரே அண்ணன்தான் என்பதும் அப்போது உறைக்கவில்லை. ஓட்டை வேண்டும் என்று கேட்டாரா, இல்லை, இந்த வெல்டை நம்பாதீங்க என்று சொன்னாரா? வரைபடத்தைக் காட்டாமல், "ஏன் கேக்கறீங்கண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓட்டையும் முழுத் தீர்வாகிவிடவில்லை. குளவி மண் வைத்து அடைக்கிறது. வலை பொருத்தினால் சருகுத்தூள் அடைக்கிறது. மாதம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும். பூங்காவின் பராமரிப்புப் பட்டியலில் அந்த வேலை இன்னும் ஏறவில்லை.