சுருண்ட நோட்டு

இன்று மூன்றாம் பீரியட் முழுக்க அவன் இடத்தை விட்டு எழவே இல்லை. தினமும் பத்து தடவையாவது "உட்காருடா" என்று கத்துவேன்.

இன்று கத்தவில்லை. கணக்கைத் தொடங்கியதும் பக்கத்தில் போய், "நல்லா போடுற தம்பி" என்றேன். அவ்வளவுதான்.

நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. சுருண்டதை உள்ளங்கையால் நீவிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனான்.

1968-இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர், தாமஸ் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில் இதுதான் இருக்கிறது. விதிகளைச் சொன்னதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை. சின்னக் குறும்பைக் கண்டுகொள்ளாமல், ஒழுங்காக இருக்கும்போது பாராட்டியபோதுதான் மாறியது. அதற்கு முதலில் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஆசிரியர்கள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இது லேசில்லை. சரி, நாளைக்குக் கடைசி பெஞ்சுக்கும் போகணும்.