கூலர் மாட்டியும் இறங்காத சூடு: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு சில மாதங்கள்

வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓபிடி போர்ட்டில் செருகும் புளூடூத் கருவியை வேறொரு கோளாறுக்காக வாங்கியிருந்தேன். போனில் அதன் செயலியை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலையும் அதில் தெரியும் என்று கண்டுபிடித்தேன். டேஷ்போர்டில் இருக்கும் முள் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்கு மட்டும். கியர்பாக்ஸுக்கு ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. அது எரியும்போது காரியம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

வண்டி ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டீசல், ஃபோர் வீல் டிரைவ். நல்ல சாலையில் 85 முதல் 90 டிகிரிக்குள் சமர்த்தாக நின்றது. அடுத்த வாரம் கல்லும் சரளையுமான ஓர் ஏற்றத்தில் நடை வேகத்தில் இருபது நிமிடம் ஏறினேன். 128 டிகிரி. எஞ்சின் முள்ளோ எதுவும் நடக்காததுபோல நடுவிலேயே நின்றது.

80 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பதினொரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். அதை நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது. வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, தனியாக ஒரு ஆயில் கூலர் வாங்கியது. அடுக்குத் தகடு வகை. அவசரப்பட்டுவிட்டேன் என்பது பிறகு தெரிந்தது.

என் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் சின்னக் கூலர் வழியாகப் போய்த் திரும்புகிறது. புதுக் கூலரை அதற்குப் பிறகு, கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் சேர்க்க வேண்டும். எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்று எஞ்சின் சூடாக இருந்தபோது கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்தேன். இரண்டும் கொதித்தன, குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டினேன். தவறான குழாய்! புதுக் கூலரில் ஆறிய ஆயில் நேராக ரேடியேட்டருக்குள் போய், 90 டிகிரி கூலன்ட்டில் மறுபடி சூடாகித் திரும்பிக்கொண்டிருந்தது. எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் 90க்குக் கீழே இறங்காததைப் பார்த்துத்தான் பிடிபட்டது. மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தேன். முதலில் சூடேறியதுதான் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் குழாய். ஒரு நிமிட வேலை.

மாற்றி மாட்டும்போதே இன்னொரு முட்டாள்தனத்தையும் சரிசெய்தேன். கூலரை ஏசி கண்டென்சரோடு பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தேன். குலுக்கலில் அந்த டை தகடுகளை அரிக்க ஆரம்பித்திருந்தது. இப்போது இரும்புப் பட்டை அடித்துத் தனியாக நிற்கிறது. குழாயும் கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே வரும் ரகம், முனைக்கு இரண்டு கிளாம்ப். கூலரும் குழாயும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும் என்பதால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓட, ஆயில் சூடாக இருக்கும்போது அளவு பார்த்து ஊற்றினேன். கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும். நுரைத்த ஆயிலால் அழுத்தமும் தர முடியாது, சூட்டையும் சுமக்க முடியாது.

மறுபடி அதே ஏற்றம். 121 டிகிரி! இத்தனை பாட்டுக்கும் ஏழே ஏழு டிகிரிதான் குறைந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் சூடு எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கே வந்தேன். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கச் சக்கரம் ஆயிலை வீச, அந்த வீச்சில் கியர் பக்கச் சக்கரம் சுழல்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றால் பிரச்சினை இல்லை. ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றினால், அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலைக் கடைவதில் போய்ச் சூடாகிறது. பிரேக்கை விட்டுவிட்டு, ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் எஞ்சின் தரும் சக்தி மொத்தமும் சூடுதான். நான் செய்துகொண்டிருந்தது கிட்டத்தட்ட அதையேதான். நடை வேகத்தில் கூலருக்குக் காற்றும் வராது.

மூன்றாவது முறை அதே ஏற்றத்தில், அடிவாரத்திலேயே நெம்புகோலைத் தள்ளி ஃபோர் லோவுக்கு, அதாவது நான்கு சக்கரங்களுக்கும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியருக்கு, மாற்றினேன். என் வண்டியில் அந்தக் குறைப்பு இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். அதே நடை வேகத்துக்கு கன்வெர்ட்டரின் வெளிப்பக்கம் இரண்டரை மடங்கு வேகமாகச் சுழல்கிறது, அதன் மேல் விழும் சுமையோ அந்த அளவுக்குக் குறைகிறது. டயர் காற்றையும் 32லிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்தேன். உச்சியில் 98 டிகிரி. கூலரால் ஏழு, ஒரு நெம்புகோலாலும் கொஞ்சம் காற்றாலும் இருபத்து மூன்று. கூலருக்குக் கொடுத்த காசை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஆனால் ட்ரெய்லர் இழுத்த அன்று கூலர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. நீண்ட மலைச்சாலை, பின்னால் படகு. கியர் லீவரை ‘டி’யில் (டிரைவ்) விட்டபோது கியர்பாக்ஸ் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே அல்லாடியது. கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்சும் பூட்டுவதும் விடுவதுமாக இருக்க, 112 வரை போனது. மேனுவல் மோடில் நான்காம் கியரில் பூட்டி வைத்தேன். லாக்-அப் விழுந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் ஆர்பிஎம் முள் துள்ளாமல் வண்டி வேகத்தோடு சேர்ந்தே ஏற வேண்டும். டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது, சத்தமும் அதிகம். இருந்தாலும் கூலருக்கு இங்கே எதிர்காற்று தாராளம். பத்து நிமிடத்தில் 94க்கு இறங்கி அங்கேயே நின்றது.

நடுவில் நெரிசலில் நின்றபோது மறுபடி ஏறியது. ‘டி’யில் பிரேக்கை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு மாற்றி, கைபிரேக் போட்டு, ஆர்பிஎம்மை 1200 வாக்கில் வைத்தேன். பம்ப் ஆயிலைக் கூலருக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடாக இருக்கிறதே என்று பதறி எஞ்சினை அணைத்தால் ஆயில் நின்ற இடத்திலேயே வேகும். சில பழைய கியர்பாக்ஸ்களில் பார்க்கில் போட்டால் கன்வெர்ட்டருக்கு ஆயில் ஓடாது என்பதால் எனக்கு நியூட்ரலே பழகிவிட்டது.

போன வாரம் ஆயிலை வடித்தேன். சிவப்பாக இருந்திருக்க வேண்டியது தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்புக்குப் போயிருந்தது. லேசான கருகல் வாசனை. கியர்பாக்ஸின் அடித்தட்டில் (பான்) துகள் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும், உலோகத் துணுக்கு எதுவும் இல்லை. ரேடியேட்டர் கூலர் உள்ளே ஓட்டையாகிக் கூலன்ட் கலந்திருந்தால் ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும், அதுவும் இல்லை. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டாயிற்று. அடுத்த வேலை, கூலருக்குப் பின்னால் 95 டிகிரியில் தானே ஓடும் ஒரு சின்ன மின்விசிறி. வயரிங் பாதியில் நிற்கிறது.